இரண்டு விரலா, மூன்று விரலா

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நான் கத்தினால் நீங்கள் திடுக்கிடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு ஆண்கள் கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள். நான் என் பின்சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மைதானம். ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் பேசிப் பிரிந்ததும் எறியப்பட்ட ஒரே பந்தில் எங்கள் கரும்பாலை ஊர் கோப்பையைத் தோற்றது. என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இவன் ஒன்று சொல்கிறான், அவன் ஒன்று சொல்கிறான். அதிலும் பாருங்கள், எவனும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. இவன் "தப்பு என்னுது" என்கிறான். அவன் "இல்ல, என்னுது" என்கிறான். வெட்டுக்குத்து என்றாலாவது எழுதிவிடலாம். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்?

பேஸ்பால் தெரியாதவர்கள் ஓடிவிடாதீர்கள். இங்கே டொமினிக்கன் நாட்டில் அது தெரியாதவர் என்றால் கைக்குழந்தைதான், அதனால் விளக்கிப் பழக்கமில்லை. முயல்கிறேன். மேட்டில் நின்று எறிகிறவன் பிட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து பிடிக்கிறவன் கேட்சர். என்ன பந்து வேண்டும் என்பதைக் கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவே விரலால் காட்டுவான். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து. இரண்டு என்றால் கர்வ். மூன்று என்றால் ஸ்லைடர். பிட்சர் தலையாட்டுவான், எறிவான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் பிட்சர் ரதாமெஸ். கேட்சர் நெரேயோ. நெரேயோவின் அக்கா மிலேதிஸைத்தான் ரதாமெஸ் கட்டியிருக்கிறான். ஆக இரண்டு பேரும் மச்சான்மார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்.

அன்று எங்களுக்கு ஒரு ஓட்டம் முன்னிலை. எங்கள் அடி முடிந்துவிட்டது, எதிராளியின் கடைசி முறை. அவர்களில் இரண்டு பேர் அவுட். இரண்டாவது முனையில் ஒருவன், மூன்றாவது முனையில் ஒருவன் நிற்கிறான். முனைகளைச் சுற்றி அடித்த இடத்துக்கே ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். அடிப்பவனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று தவறவிட்டால் கோப்பை எங்களுக்கு. அப்போதுதான் நெரேயோ எழுந்து மேட்டுக்கு நடந்தான். கையுறைகள் வாய்க்குப் போயின. பேசினார்கள். திரும்பி வந்து குந்தினான், விரல் காட்டினான். ரதாமெஸ் எறிந்தான்.

வந்தது ஸ்லைடர். அடிப்பவன் சுற்றினான், தவறவிட்டான். நாங்கள் குதித்தோம்.

குதித்தது அவசரம். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால் அடிப்பவன் அவுட் இல்லை, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பந்து நெரேயோவின் இடது தோளில் பட்டு உருண்டு என் சுவரடிக்கே வந்தது. எனக்குக் கீழே கிடக்கிறது. "இங்கடா! இங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊரே கத்தியது. நெரேயோ முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வலப்பக்கம் ஓடினான், அங்கே குனிந்து புல்லைத் துழாவினான். அதற்குள் முனைகளில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு ஓட்டம், கோப்பை போயிற்று.

நடந்தது இதுதான், இதில் கற்பனை இல்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

தொடக்க வரிகள், எழுதி அடித்தவை:

"பந்து காற்றில் திரும்பும்போது மனிதர்களும்" (சீ. வேண்டாம்.)

"நெரேயோவின் தொடைகளுக்கு நடுவே" (மிலேதிஸ் சிரித்து உருண்டாள். வேண்டாம்.)

"திரும்பும் பந்துகள் ஐந்து வகைப்படும். அவையாவன" (பரீட்சையா எழுதுகிறேன்?)

மூன்றாவதைத்தான் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டு தொங்கினேன். காரணம், கதை முழுக்க ஒரு கர்வுக்கும் ஒரு ஸ்லைடருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெளிவாகத் தெரியாமல் உங்களுக்கு எப்படிச் சொல்வது? மூலைக்கடை வாசலில் டோமினோ மேசை இருக்கிறது. எந்நேரமும் அங்கே சிப்ரியானோவும் பாப்பிதோவும் உட்கார்ந்திருப்பார்கள். போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கர்வுன்னா மேலேருந்து கீழ," என்றார் சிப்ரியானோ. "கையை விட்டதும் கொஞ்சம் எம்பும். அப்புறம் மாடிலேருந்து வாளிய கவுத்த மாதிரி தொபுக்குனு விழும். மெதுவா வரும்."

"அப்ப ஸ்லைடர்?"

"பக்கவாட்டுல போகும்."

"யோவ், அவ எழுதப்போறாய்யா, தப்பா சொல்லித் தொலைக்காத," என்று பாப்பிதோ கட்டையை மேசையில் அறைந்தார். "ஸ்லைடரும் கீழ போகும். கொஞ்சம் பக்கம், கொஞ்சம் கீழ. ஆனா வேகம் இருக்கும். நேர்ப்பந்து மாதிரியே நல்லபிள்ளையா வந்து, கடைசில காலை வாரும்."

"ரதாமெஸ் போடறது?"

"அது ஸ்லைடர்."

"அது கர்வுய்யா."

"ரெண்டுக்கும் பொறந்த கழுதை," என்றார் கடைக்காரர் உள்ளேயிருந்து. "இப்ப போன்ல அதுக்குப் புதுப் பேர் வச்சிருக்கான். ஸ்வீப்பராம். ரதாமெஸ்தான் காட்டினான்."

"துடைப்பக்கட்டை," என்றார் சிப்ரியானோ. அவருக்குப் புதுப் பெயர் எதுவும் ஆகாது.

நான் எழுதி வைத்திருந்த ஐந்து வகையைப் படித்துக் காட்டினேன். திருகுப்பந்து என்று ஒன்று, எல்லாம் திரும்புகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், எறிகிறவன் முழங்கையைத் தின்றுவிடும். விரல்நுனிப் பந்து என்று ஒன்று, சுழலவே சுழலாது. "அது எங்க போகும்னு பிட்சருக்கும் தெரியாது, கேட்சருக்கும் தெரியாது, மாதாவுக்கும் தெரியாது" என்று பாப்பிதோ சிலுவை போட்டுக்கொண்டார். ஐந்தாவதாக மெதுபந்தைச் சேர்த்திருந்தேன். வந்ததே கோபம் இருவருக்கும்.

"அது திரும்பற பந்தே இல்ல! லேட்டா வர்ற பந்து! கிழி அத!"

கிழித்தேன். ஆக வகை நான்கு. இல்லை, அந்தக் கழுதையையும் சேர்த்தால் ஐந்து.

* உங்களில் ஒருவர் இந்நேரம், "அப்படியென்றால் கிரிக்கெட்டில் சுழற்பந்து மாதிரியா?" என்று கேட்டிருப்பீர்கள். இல்லை ஐயா. அங்கே பந்து மண்ணில் குத்தித் திரும்பும், இங்கே மண்ணுக்கு வேலையே இல்லை. "அப்படியென்றால் ஸ்விங்கா?" கிட்டத்தட்ட. இல்லை. உயிரை வாங்காதீர்கள்.

3

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுவதால்தான் சொல்கிறேன், இந்த ஊரில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. எனக்கே மிலேதிஸ் சொல்லித்தான் தெரியும். அவள் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலை தலையில் உருளைகளைச் சுற்றிக்கொண்டு உலர்த்திக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் எழுதியதை அவளுக்கு அவள் பாஷையில் சொல்வேன். அந்த யந்திர இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டும். இந்த இடம் வந்ததும் அவள் சுவிட்சை அணைத்தாள், வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள், பிறகு, "மெதுவா சொல்லுடி" என்றாள்.

நெரேயோவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

இடது கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்திருந்தது. சான் பெத்ரோவில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது திரும்பாது, வலது கண்ணையும் சொல்ல முடியாது என்றார். நெரேயோ தலையாட்டிவிட்டு வெளியே வந்து, தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாடகை வண்டிதான் அவன் பிழைப்பு. ஆலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை பின்னால் ஆள் ஏற்றி இறக்குவான். கண் விஷயம் தெரிந்தால் ஊரில் ஒரு ஈ காக்கை ஏறாது. முகமூடியையும் அன்றைக்கே பிடுங்கிக்கொள்வார்கள்.

"யாருக்கும் சொல்லாத அக்கா," என்றான் வழியில். "ரதாமெஸுக்கும் சொல்லாத."

"அவன் போடறத நீ எப்படிடா பிடிப்ப?"

"என்ன வருதுன்னு எனக்குத் தெரியும்ல? நான்தான கேக்கறேன்."

அப்படித்தான் அந்தப் பருவம் முழுக்கப் பிடித்தான். வலது கண்ணும் மங்க ஆரம்பித்து, எங்கே பார்க்கிறானோ அங்கே கறை வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரதாமெஸின் தோளைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். அப்போது பந்து ஓரத்தில் மங்கலாகத் தென்படும். கர்வ் அவனுக்குத் தோதாக இருந்தது. எம்பும், யோசிக்கும், விழும். விழுகிற இடத்தில் கையுறையை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடலாம். ஸ்லைடர்தான் சனியன். நேர்ப்பந்து மாதிரியே வரும். அதன் சிவப்புத் தையல் சுழன்று பந்தின் நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி தெரியும். நல்ல கண் இருக்கிறவன் அதைப் பார்த்ததும் கையை நகர்த்திவிடுவான். நெரேயோவுக்கு அந்தப் பொட்டு தெரிய வேண்டிய இடத்தில் கறை. போதாததற்கு, ரதாமெஸின் கழுதை ஒரு நாள் போன வழியில் மறுநாள் போகாது.

அதனால் மூன்று விரல் காட்டுவதையே நெரேயோ விட்டுவிட்டான். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. எதிராளிகள் மோப்பம் பிடித்து வெளுத்தார்கள். "ஸ்லைடருக்கு என்னடா ஆச்சு, வித்துத் தின்னுட்டீங்களா?" என்று டோமினோ மேசை கேட்டது. நெரேயோ சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிடுவான். ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடதுகண்ணால் கரும்புக்காட்டைப் பார்ப்பான். கரும்பு ஓரத்தில் மட்டும் இருக்கும். அவனுக்குப் பயமாக இருந்தது.

(மிலேதிஸ் இங்கே நிறுத்தினாள். "அவன் பொத்திப் பாத்தத நீ பாத்தியா?" என்றாள். இல்லை, நானே எழுதினேன் என்றேன். "எனக்கும் அப்படித்தான் தோணும்," என்றாள். அவள் இப்போது அவன் வண்டியில் ஏறுவதில்லை. நான் ஏறுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குள் போனால் இந்தக் கதை முடியாது.)

4

கையுறைக்குப் பின்னால் என்ன பேசினார்கள்?

முதல் வடிவம்.

"மச்சான், எனக்குக் கண்ணு தெரியல," என்றான் நெரேயோ.

"ஐயோ மச்சான்!" என்று ரதாமெஸ் கண் கலங்க

(கேவலம். நெரேயோ செத்தாலும் இப்படிச் சொல்லமாட்டான். ரதாமெஸ் தன் கல்யாணத்திலேயே கண் கலங்காதவன்.)

இரண்டாம் வடிவத்துக்கு முன் ஒரு ஆளைச் சொல்ல மறந்துவிட்டேன். இதுதான் என் லட்சணம். பார்வையாளர் பலகையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைநகரத்துப் பெரிய குழு ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிறவர். குளிர்காலப் பந்தயத்துக்கு ஒரு பிட்சர் வேண்டும், ரதாமெஸைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ரதாமெஸுக்கு இனி இன்னொரு தடவை யாரும் வரமாட்டார்கள், அவனுக்கும் வயதாகிவிட்டது. இது நெரேயோவுக்கும் தெரியும். சரி, இப்போது.

இரண்டாம் வடிவம்.

"ஸ்லைடர் கேளு," என்றான் ரதாமெஸ், கையுறைக்குள்.

"கர்வ் போதும்."

"கர்வ அவன் ரெண்டு தடவ கோட்டுக்கு வெளிய அடிச்சு தூள் கிளப்பிட்டான். இன்னொண்ணு போட்டேன்னு வை, ஆலைக் கொதிகலன்ல போய் விழும்."

"தாழ்வா போடு. விழாது."

"வருஷம் முழுக்க நீ கேட்டதத்தான மச்சான் போட்டேன். மாட்டேன்னு ஒரு தடவ தலையாட்டியிருக்கனா?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஏன் போட்டேன்னு நெனைக்கிற? உன் அழகுக்கா? உன் கண்ணுக்குடா."

நெரேயோவின் கையுறை வாயைவிட்டு இறங்கியது.

"மூடுடா வாய! எல்லாரும் பாக்குறான்."

மூடினான். "அக்கா சொன்னாளா?"

"அவ சொல்லுவாளா? நீ மேசைல உப்பு எடுக்கறப்ப கைய உப்புக்குப் பக்கத்துல வச்சுத் தேடற. நான் எத்தனை தடவ கிண்ணத்தத் தள்ளி வச்சிருக்கேன் உன் கைக்கு?"

நெரேயோ ரதாமெஸை முறைத்தான். முகமூடிக்குள் வியர்வை வழிந்தது. அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்துகொண்டே இத்தனை நாள் தள்ளி வைத்தானா?

"இன்னிக்கு ஒரு பந்து," என்றான் ரதாமெஸ். "ஒண்ணே ஒண்ணு. அந்தத் தொப்பிக்காரன் பாக்கறான். நான் கெஞ்சறேன்னு நெனைச்சுக்கோ."

"பிடிக்கலன்னா?"

அப்போது அம்பயர் வந்துவிட்டார். "என்னப்பா, சம்பந்தம் பேசி முடிஞ்சுதா? பொண்ணு எப்ப வருது?"

நெரேயோ திரும்பி நடந்தான். குந்தினான். விரலை

(நிறுத்துகிறேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது. இந்த வடிவம் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன், உப்புக் கிண்ணத்தை நானே அந்த மேசையில் பார்த்திருக்கிறேன். ஆனால் விரல்?)

ஆட்டம் முடிந்ததும் ரதாமெஸ் ஊர் நடுவில் நின்று சொன்னான்: "அவன் கர்வ் கேட்டான். நான்தான் திமிருல ஸ்லைடர் போட்டேன். எந்தக் கேட்சராலயும் அதப் பிடிக்க முடியாது. அவனத் திட்டாதீங்க." வெள்ளைத் தொப்பிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே காரில் ஏறினார். கேட்சர் சொன்னதைக் கேட்காத பிட்சரை எவன் சேர்ப்பான்?

மறுநாள் நெரேயோ வண்டியை எடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த இடத்துக்கே போனான். "நான்தான் மூணு காட்டினேன். அவன் கேட்டதத்தான் போட்டான். அவன் மேல தப்பில்ல."

"அப்ப ஏன் பிடிக்கல?" என்றாராம் தொப்பிக்காரர்.

"கை தவறிடுச்சு."

"கை தவறல. பந்து வந்த பக்கமே நீ பாக்கல. உருண்டது எங்கன்னும் தெரியல. ஏன்?"

இதற்கு நெரேயோ என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. அவர் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. ரதாமெஸ் சொல்வதை நம்பினால் நெரேயோ முகமூடியோடும் வண்டியோடும் பிழைத்துக்கொள்வான், ரதாமெஸ் தொலைந்தான். நெரேயோ சொல்வதை நம்பினால் ரதாமெஸுக்கு வாய்ப்பு இருக்கிறது, நெரேயோவின் கண் விஷயம் வெளியே வந்துவிடும். இதற்காக மச்சான்மார் இருவரும் சண்டை. "என்னைப் பொய்யனாக்கறான்" என்று ரதாமெஸும், "எனக்குப் பிச்சை போடறான்" என்று நெரேயோவும். ஒரே மேசையில் உட்கார்ந்து, "அக்கா, உன் புருஷன உப்பத் தள்ளச் சொல்லு" என்று பேசிக்கொள்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

5

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. விரலைப் பார்த்த மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான்! இரண்டாவது முனையில் நின்ற எதிராளி. அவனுக்கு நேர் எதிரே கேட்சர். தொடைக்கு நடுவே காட்டுவது அவனுக்குப் பளிச்சென்று தெரியும். இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனேன். வில்கின் என்று பெயர், டயர் ஒட்டும் கடை.

"பாத்தேனே," என்றான், குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே. "நல்லா ஞாபகம் இருக்கு. மூணு, ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு."

"என்னது?"

"காட்டினது. மூணு, ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு."

"ஒரு பந்துக்கு எதுக்குய்யா அஞ்சு?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இத்தன வருஷம் மைதானத்துக்குப் பின்னாடி குடியிருக்கீங்க. ரெண்டாவது முனைல ஆள் இருந்தா நேரா காட்டுவானா? நான் பாத்து அடிக்கிறவனுக்குச் சொல்லிட மாட்டேன்? அதான் சரமா காட்டுவான். அதுல எது நெசம்னு அவனுக்கும் பிட்சருக்கும்தான் தெரியும். ரெண்டாவதா, கடைசியா, ஒண்ணுக்கு அடுத்ததா, அது அவங்க பாடு. வாராவாரம் மாத்துவாங்க."

அதில் இரண்டும் இருக்கிறது, மூன்றும் இருக்கிறது. நான் அந்த டயர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கர்வுக்கும் ஸ்லைடருக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் மண்டை காய்ந்து, கடைசியில் ஒரு சாட்சியைப் பிடித்தால், அவன் என் கையில் பூட்டை மட்டும் கொடுத்து அனுப்புகிறான். வில்கின் பரிதாபப்பட்டு ஒரு குளிர்ந்த ஆரஞ்சுச் சாறு வாங்கிக் கொடுத்தான்.

* இந்தப் பகுதியை நான்காம் பகுதிக்கு முன்னால் வைத்திருந்தால் நீங்கள் குறைவாக எரிச்சல்பட்டிருப்பீர்கள். நான் மட்டும் படவேண்டுமா என்றுதான் இங்கே வைத்தேன்.

6

சனிக்கிழமை. உருளை. உலர்த்தி. மிலேதிஸிடம் சரத்தைக் கத்திச் சொன்னேன், புலம்பலாகத்தான் சொன்னேன். அவள் கை நின்றது. சுவிட்சை அணைத்தாள்.

"காட்டறதுக்கு முன்னாடி எதத் தொட்டான்?"

"யாரு?"

"என் தம்பிதான்டி. முகமூடியத் தொட்டானா, முழங்காலத் தொட்டானா?"

எனக்கு எப்படித் தெரியும்? வில்கினுக்குப் போன் போட்டேன். "முழங்கால்," என்றான். "வலது முழங்கால். ஏன்?" நான் போனை வைத்தேன்.

மிலேதிஸ் உதட்டை மட்டும் அசைத்து எண்ணினாள். அந்த இரண்டு பேரும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எதைத் தொட்டால் சரத்தில் எத்தனையாவது விரல் நிஜம் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் அவள் மேசையில். சோறு போட்டுக்கொண்டு அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

எண்ணி முடித்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன மிலேதிஸ்? ரெண்டா, மூணா?"

"ஒண்ணுமில்ல."

"அடி, சொல்லித் தொலையேன்! உனக்குத் தெரிஞ்சுபோச்சு, மூஞ்சிலயே இருக்கு."

"ஆமா. தெரிஞ்சுபோச்சு." குரல் உயர்ந்தது. "உன்னாலதான் தெரிஞ்சுது. சந்தோஷமா? இத்தன நாள் ரெண்டு பேரையும் சேத்துத் திட்டிக்கிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சோறு போட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தன் மத்தவனுக்காகப் பொய் சொல்றான்னு தெரியும். எவன்னு தெரியாம இருந்துச்சு. அது போதும்னு இருந்தேன். இனிமே ராத்திரி ரெண்டு தட்ட எடுத்து வைக்கிறப்ப எனக்கு எப்படிடி இருக்கும்?"

தலையில் உருளைகளோடு ஒருத்தி வாயடைத்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எதிரே கண்ணாடியில் தெரிந்தது.

அவள் என் பின்னால் வந்து நின்று உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வலிக்கவேயில்லை. எப்போதும் பிடுங்குவாள்.

"எழுது," என்றாள் கடைசியில். "எழுதாதன்னு சொல்லல. ஆனா ஒண்ணு செய். உன் கதைல அவன் அதப் பிடிக்கட்டும்."

"பிடிச்சுட்டா கதையே இல்லையே மிலேதிஸ்."

"கதை எக்கேடோ கெட்டுப் போகட்டும். எத்தன விரல்னே எழுதாத. வந்தது எந்தப் பந்தா வேணா இருக்கட்டும், கர்வோ, கழுதையோ. என் தம்பி கையில அது வந்து உக்காரட்டும். ஒரே ஒரு தடவ."

7

முயன்றேன். சத்தியமாக முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் என் கை நின்றுவிடுகிறது. நான் சுவரோரம் நின்று பார்த்தவள். பந்து எனக்குக் கீழே கிடந்ததையும், அவன் வலப்பக்கம் ஓடிப் புல்லைத் துழாவியதையும் பார்த்தவள். எத்தனை தடவை எழுதினாலும் அவன் அந்தப் பக்கம்தான் ஓடுகிறான். எனக்குக் கோபமாக வருகிறது, அவன் மீது, அந்தக் கறை மீது, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக விரல் காட்டுகிற இந்த ஆட்டத்தின் மீது. அழுகையும் வருகிறது.

நீங்கள் பார்க்கவில்லை. அன்று அந்த ஊரில் நீங்கள் இல்லை. உங்களால் முடியும். விரல் எத்தனை என்பதை விட்டுவிடுங்கள், எந்த வகைப் பந்து என்பதையும் விட்டுவிடுங்கள், இத்தனை நாள் விளக்கியதெல்லாம் வீண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்துகிற இடத்திலிருந்து மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். ஒரு சொல் போதும். மிலேதிஸ் சனிக்கிழமை கேட்பாள்.

ரதாமெஸ் காலைத் தூக்கினான். கை சுழன்றது. பந்து நேராக வந்தது, வந்து, அடிப்பவனுக்கு முன்னால் திரும்பி இறங்கியது. அடிப்பவன் சுற்றினான், மட்டை காற்றை அடித்தது. நெரேயோ தோளைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தான். கையுறையை இடப்பக்கம் நீட்டி, அவன் அதை